பின்பக்கம்

இரவு முறை முடிந்து நான் இறங்கும்போது
ஆஸ்த்ரவா முழுக்கத் தேர்தல் விடிந்திருக்கும்.
டிராமின் முதுகில் ஒரு சிரிப்பு,
ரொட்டிக் கடைக் கதவில் இன்னொரு சிரிப்பு.
ஞாயிற்றுக்கிழமை சூப்பில் கரண்டி படுமுன்
மைத்துனன் லிபோர் ஒரு மந்திரியைத் தூக்கி வந்து
மேசை நடுவில் உட்கார வைப்பான்.
சூப் ஆறிவிடும்.
லிபோர் ஆறமாட்டான்.

எனக்கென்று மிச்சம் அறுபது லிட்டர்.
சமையலறை ஜன்னலோரம் ஒரு கண்ணாடித் தொட்டி,
இருபத்துமூன்று நியான் டெட்ரா.
நீலமும் சிவப்பும் ஒரே உடம்பில்
ஒன்றையொன்று ஏசாமல் நீந்தும்.
காலணியைக் கழற்றாமலே
அரை மணி நேரம் நிற்பேன் அதன் முன்.

மாதம் ஒருமுறை தபாலில் பத்திரிகை வரும்.
முப்பத்திரண்டு பக்கம், மலிவுத் தாள்,
நடுப்பக்கத்தில் யாரோமிர் ஹ்லாவிங்கா.
மீனைப் பற்றி அவர் சொன்னால் எனக்கு வேதவாக்கு.
"வடிகட்டிப் பஞ்சைக் குழாயடியில் கழுவாதீர்கள்.
தொட்டித் தண்ணீரிலேயே மெல்லப் பிழியுங்கள்.
அழுக்கென்று நீங்கள் நினைப்பதில்தான்
உயிர் குடியிருக்கிறது."
ஆகா என்று அடுத்த வரிக்குப் போனால்,
"நம்மையும் இப்படித்தான் பிழிகிறது இந்த அரசு,
ஆனால் மெல்ல அல்ல."

போயிற்று.
அங்கிருந்து ஒன்றரைப் பத்தி வரி, ஊழல், வாக்குச்சீட்டு.
பஞ்சு எங்கே? பஞ்சைக் காணோம்.
நத்தை பற்றிய கட்டுரையில் நாடாளுமன்றம்.
பாசி பற்றிய கட்டுரையில்
பாசி எது, யார் என்று
பெயர் சொல்லியே எழுதியிருந்தார்.
அவர் சொன்னதில் பாதி எனக்கும் உடன்பாடுதான்.
அதுதான் இன்னும் எரிச்சல்.

நகம் வெட்டும் சின்னக் கத்தரியை எடுத்தேன்.
மந்திரி வந்த இடமெல்லாம் வெட்டினேன்,
வரி வரியாக, ஓரம் பிசகாமல்.
பத்திரிகை கண்ணாடிபோல் ஆனது,
தூக்கிப் பிடித்தால் தொட்டி தெரியும்.
மனைவி ஹெத்விகா கேட்டாள்:
"அந்துப்பூச்சியா?"
"அரசியல்" என்றேன்.
குப்பைக்கூடைக்குள் ஒரு பிடி ஆட்சி விழுந்தது.

பிப்ரவரியில் வெண்புள்ளி நோய்.
உப்பு தூவியதுபோல் செதிலெல்லாம்.
மருந்து வீட்டில் இருந்தது.
அளவு? போன மாத இதழில், நினைவிருக்கிறது,
வேறு யாரோ ஒரு மருத்துவர் எழுதியது.
புரட்டினேன்.
"டெட்ரா போன்ற மெல்லுடல் மீன்களுக்கு
பத்து லிட்டருக்கு"
அதற்கப்புறம் ஓட்டை.
ஓட்டை வழியே என் கட்டைவிரல்.

முன்பக்கத்தில் நிதியமைச்சரை வெட்டிய இடம்.
பின்பக்கத்தில் சொட்டுக் கணக்கு இருந்திருக்கிறது.

குப்பை வண்டி போய் மூன்று வாரம் ஆகியிருந்தது.
குத்துமதிப்பாக விட்டேன்.
காலையில் பதினொன்று மிதந்தன.
நீலம் முதலில் போகிறது, பிறகுதான் சிவப்பு.
வலையால் அள்ளும்போது
லிபோர் தொலைபேசியில் அழைத்தான், எடுக்கவில்லை.

அன்றிரவே கடிதம் எழுத உட்கார்ந்தேன்.
மதிப்பிற்குரிய ஹ்லாவிங்கா அவர்களே,
பஞ்சைப் பற்றி உங்களைப்போல் எழுத ஆளில்லை.
தயவுசெய்து பஞ்சைப் பற்றி மட்டும் எழுதுங்கள்.
என்னிடம் இருபத்துமூன்று இருந்தன,
இப்போது பன்னிரண்டு.
ஓட்டை விஷயத்தை எழுதினேன்,
வெட்கமாகத்தான் இருந்தது, எழுதினேன்.
இரவு முறையில் ஓட்டுபவன் நான்,
பகலில் கண் மூடாது, தொட்டிதான் தூக்கம் என்றேன்.
தாளைத் திருப்பினேன்.
அதையும் பறிக்கப் பார்க்கிறார்கள்,
எங்கள் பணிமனையை விற்கப்போகிறார்களாம்,
விலை பேசியவன் மேயரின் சம்பந்தியாம்,
போன குளிரில் சூடேற்றியில்லாத டிராமில்
கையுறைமேல் கையுறை போட்டு ஓட்டினோம்,
அப்போது எங்கே போனான் இவன்,
இந்த ஊரைப் பிழிந்து

பேனா நின்றது.
ஹெத்விகா உறங்கிவிட்டாள்.
வடிகட்டி மட்டும் குமிழி விட்டுக்கொண்டிருக்கிறது.
கத்தரி கையெட்டும் தூரத்தில்தான்.
எடுத்து, விரலை நுழைத்து,
மேயரின் ஓரத்தில் வைத்தேன்.
தாளைத் திருப்பிப் பார்க்கிறேன்:
அங்கே பதினொரு மீன்.